சாவோ பாவுலோ கட்டிய வழி: திறந்த அணுக்க ஆய்விதழ்களும் பிரேசிலின் உலகச் செல்வாக்கும்

1. ஆய்வுப் பொருள்

ஒரு நாட்டின் அறிவியல் செல்வாக்கை மதிப்பிட வழக்கமாக இரண்டு எண்களை எடுப்பார்கள்: எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன, அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன. ஆய்வாளர்களின் உழைப்பை இந்த எண்கள் ஓரளவு காட்டும். அந்த உழைப்பு எந்த வழியாக உலகைச் சேர்ந்தது, அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டா. சாவோ பாவுலோவில் செய்த ஆய்வு ஆம்ஸ்டர்டாம் பதிப்பகம் ஒன்றின் இதழில் வந்தால் பிரேசிலின் கணக்கில் ஒன்று கூடும். ஆனால் எந்தக் கேள்வி வெளியிடத் தக்கது, எந்த மொழியில் எழுத வேண்டும், படிப்பவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற முடிவுகள் எல்லாம் அந்தப் பதிப்பகத்திடமே இருக்கும்.

கட்டணச் சுவரும் உரிமத் தடையும் இல்லாமல் ஆய்வுக் கட்டுரையை எவரும் இணையத்தில் படிக்கவும், பகிரவும், பயன்படுத்தவும் வழி செய்வதே திறந்த அணுக்கம். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கைதான் இந்தக் கருத்துக்கு உலகப் பெயரைப் பெற்றுத் தந்தது. அதற்கு 4 ஆண்டுகள் முன்பே பிரேசில் இதை நடைமுறையில் தொடங்கிவிட்டது. அந்த நாட்டின் சியேலோ என்னும் மின்னூலகத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டுரைகளை இலவசமாக்குவதால் கிடைக்கும் செல்வாக்கு சிறிது. வெளியீட்டு ஏற்பாட்டையே தானாகக் கட்டி, பிற நாடுகளும் அதை எடுத்தாள விடுவதால் கிடைக்கும் செல்வாக்கு பெரிது. பிரேசிலின் அனுபவம் இதைத்தான் காட்டுகிறது என்பது என் முடிபு. தன் வழியைத் தானே கட்டிய நாடு, தன் அளவுகோலையும் தானே வகுத்துக்கொள்ளாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அதே பிரேசில்தான் சான்று.

2. தோற்றம்: காணாமற்போன அறிவியல்

1995 ஆகஸ்டில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வெயிட் கிப்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று, மூன்றாம் உலகின் அறிவியல் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பதை விரிவாக எடுத்துக் காட்டியது. அது விவரித்த சுழல் கொடியது. பெரிய மேற்கோள் அட்டவணைகள் ஏழை நாடுகளின் இதழ்களைச் சேர்ப்பதில்லை. அட்டவணையில் இல்லாத இதழை நூலகங்கள் வாங்குவதில்லை. வாங்காத இதழை யாரும் படிப்பதில்லை. படிக்காததை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. மேற்கோள் இல்லை என்று காரணம் சொல்லி அட்டவணை அந்த இதழை மீண்டும் ஒதுக்கும். நல்ல ஆய்வு செய்தவர் தன் சிறந்த கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்ப, உள்நாட்டு இதழ் மேலும் மெலியும்.

இந்தச் சுழலை உடைக்க சாவோ பாவுலோவில் இரண்டு நிறுவனங்கள் கைகோத்தன. ஒன்று, மாநில ஆய்வு நிதி நிறுவனமான ஃபாபெஸ்ப். மாநில வரி வருவாயில் 1 விழுக்காட்டை அரசியலமைப்பின்படியே பெறும் நிறுவனம் அது. அமைச்சர் மாறினாலும் அதன் பங்கு மாறாது. மற்றொன்று பிரெமி. அனைத்து அமெரிக்கச் சுகாதார அமைப்பு 1967 முதல் அந்நகரில் நடத்திவந்த மருத்துவ நூலக மையம் அது. லத்தீன் அமெரிக்க மருத்துவ நூலகங்களை ஒரே வலையாகப் பின்னிய நீண்ட அனுபவம் அதற்கு இருந்தது. ஏபெல் பேக்கர், ரொஜேரியோ மெனெகினி ஆகியோர் முன்னின்று நடத்த, 1997-இல் 10 பிரேசில் இதழ்களோடு சோதனை முயற்சி தொடங்கியது. 1998-இல் சியேலோ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

அதன் அமைப்பில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையின் ஆசிரியர், நிறுவனம், துணைநூல் என எல்லா உறுப்புகளையும் கணினி தனித்தனியே இனங்காணும்படி குறியிட்டார்கள். எனவே எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்று தொகுப்பிலேயே எண்ண முடிந்தது. பதிப்பும் அளவீடும் ஒரே கூரையின் கீழ் வந்தன. சேர்வதற்கும் கண்டிப்பான நெறிகள் இருந்தன: சக மதிப்பாய்வு, காலந்தவறாத வெளியீடு, ஒரே பல்கலைக்கழகத்துக்குள் அடங்கிவிடாத ஆசிரியர் குழு. நெறி தவறிய இதழ்கள் நீக்கப்பட்டன. இலவசம் என்றால் தரம் குறைவு என்ற எண்ணத்துக்கு சியேலோ தந்த விடை இந்தக் கண்டிப்புதான். இதழ்களோ பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் அறிவியல் சங்கங்களுக்கும் சொந்தமானவை. இன்றும் அப்படியே.

3. பரவல்: ஏற்பாடு எல்லை கடந்த விதம்

1998-இலேயே சிலே இணைந்தது. கியூபா, அர்ஜென்டினா, கொலம்பியா, மெக்சிகோ, பெரு, வெனிசுவேலா, உருகுவே எனத் தொகுப்பு வளர்ந்தது. ஸ்பெயினும் போர்த்துகலும் வந்து சேர்ந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அக்கண்டத்தை ஆண்ட இரு நாடுகள், தங்கள் அறிவியல் இதழ்களை வெளியிட சாவோ பாவுலோவில் உருவான முறையை ஏற்றுக்கொண்டன. அறிவியல் வரலாற்றில் இது அரிய திருப்பம். இதைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 2009-இல் தென்னாப்பிரிக்க அறிவியல் கழகத்தின் வழியே சியேலோ அட்லான்டிக்கைக் கடந்தது. மொழி, வரலாறு இரண்டாலும் லத்தீன் உலகோடு நெருக்கமில்லாத நாட்டிலும் இம்முறை வேரூன்றும் என்பது அப்போது உறுதியானது.

இவ்வளவு நாடுகள் தயக்கமின்றி இணைந்ததற்குக் காரணம் ஆளுகை முறை. ஒவ்வொரு நாட்டுத் தொகுப்பையும் அந்நாட்டின் பொது நிறுவனமே நடத்தும். எந்த இதழைச் சேர்ப்பது என்று அந்நாட்டுக் குழுவே முடிவு செய்யும். பொதுவாக இருப்பது நெறிமுறையும் மென்பொருளும் தரவு வடிவமும் மட்டுமே. பிரேசில் யாருடைய இதழையும் தன்வசப்படுத்தவில்லை. அதனால்தான் அதன் செய்முறை ஒரு கண்டத்துக்கே பொதுச் சொத்தாயிற்று. கடனோ படையோ கொடுத்துப் பெறும் செல்வாக்கைவிட இது மெதுவாக வளர்வது. ஆனால் வேர் ஆழமானது.

பிரேசில் இதில் தனித்து நிற்கவில்லை. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகம் 1997-இல் லத்தின்டெக்ஸ் என்ற இதழ்ப் பட்டியலைத் தொடங்கியது. தொலூகா நகரிலுள்ள மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரெடாலிக் பிறந்தது. 2013-இல் அர்ஜென்டினாவும் பெருவும் பொது நிதியில் நடந்த ஆய்வுகளைத் திறந்த களஞ்சியங்களில் வைக்கச் சட்டம் இயற்றின. மறு ஆண்டு மெக்சிகோவும் அவ்வழியில் சென்றது. ஆய்வு வெளியீடு பொதுப் பணத்தில் நடக்கும் பொதுப் பணி என்ற எண்ணம் அங்கே அடிப்படையிலேயே இருந்தது. ஐரோப்பாவில் இதழ்கள் பலவும் வணிகப் பதிப்பகங்களிடம் போய்ச் சேர்ந்த காலத்தில், லத்தீன் அமெரிக்காவில் அவை பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேறவில்லை. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் சியேலோவின் வெற்றியை விளக்க முடியாது.

4. நெருக்கடியில் சோதனை: சாகஸ் முதல் ஜிகா வரை

ரியோ டி ஜெனிரோவின் ஓஸ்வால்டோ க்ரூஸ் நிறுவனம் 1909 முதல் ‘மெமோரியாஸ்’ என்ற ஆய்விதழை நடத்துகிறது. சியேலோவில் உள்ள இதழ்களில் அதுவும் ஒன்று. மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் லசான்சே என்ற சிற்றூரில் கார்லோஸ் சாகஸ் ஒரு புதிய நோயையும், அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியையும், அதைப் பரப்பும் பூச்சியையும் கண்டறிந்தார். அதை விரிவாக விளக்கிய அவரது கட்டுரை அவ்விதழின் முதல் தொகுதியில் போர்த்துகீசியத்திலும் ஜெர்மன் மொழியிலும் அச்சானது. வெப்பமண்டல மருத்துவத்தின் பெரும் கண்டுபிடிப்புகளில் ஒன்று உள்நாட்டு இதழிலேயே இரு மொழிகளில் வந்தது. உலகம் அதைத் தேடிப் படித்தது. அந்நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே இதழ் வேறொரு சோதனையைச் சந்தித்தது. 2015-இன் பிற்பகுதியில் பிரேசிலின் வடகிழக்கில், குறிப்பாகப் பெர்னம்புகோவில், தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. ஜிகா வைரஸ் காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. நவம்பரில் நாடு சுகாதார நெருக்கடியை அறிவித்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலகச் சுகாதார நிறுவனமும் அறிவித்தது. கருவுற்ற பெண்களுக்கு என்ன சொல்வது என்று மருத்துவர்கள் தவித்த மாதங்கள் அவை. அவ்வேளையில், ஜிகா பற்றி வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு முடியும்வரை வைத்திருக்காமல், கிடைத்த 24 மணி நேரத்துக்குள் முன்பதிப்பாக எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவதாக மெமோரியாஸ் அறிவித்தது. ஆய்வாளரும் பணம் கட்ட வேண்டியதில்லை. வாசகரும் கட்ட வேண்டியதில்லை. கோவிட் காலத்தில் உலகம் முழுவதும் வழக்கமான முன்பதிப்பு முறையை, 4 ஆண்டுகள் முன்பே ரியோவின் பொதுத்துறை இதழ் ஒன்று நெருக்கடிக்கு நடுவில் செய்து காட்டியது. 2020 ஏப்ரலில் சியேலோ தனக்கென ஒரு முன்பதிப்புத் தளத்தையே தொடங்கியது.

இதே ஜிகா திறந்த வெளியீட்டின் எல்லையையும் காட்டியது. வைரஸ் மாதிரிகள் போதிய அளவு கிடைக்கவில்லை என்று வெளிநாட்டு ஆய்வகங்கள் அப்போது குறைகூறின. கட்டுரை திறந்திருந்தும், அதன் அடியிலுள்ள மாதிரியும் தரவும் எல்லை கடக்கச் சட்டச் சிக்கல்கள் இருந்தன. இரண்டும் சேர்ந்து திறந்திருந்தால் அந்த மாதங்களில் பிரேசிலின் குரல் இன்னும் வலுவாக ஒலித்திருக்கும்.

5. மொழி: யாருக்காக எழுதுவது?

உலகம் படிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சொந்த நாட்டின் செவிலியரும் ஆசிரியரும் படிக்க வேண்டுமானால் போர்த்துகீசியத்தில் எழுத வேண்டும். பிரேசிலின் பொதுச் சுகாதார அமைப்பு 1988 அரசியலமைப்பின் அடிப்படையில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தருவது. அதில் பணிபுரிவோர் தங்கள் துறையின் புது ஆய்வைத் தங்கள் மொழியில் படிக்கும் வாய்ப்பை சியேலோ அளித்தது. லத்தீன் அமெரிக்கத் திறந்த இதழ்களின் வாசகர்களை ஆராய்ந்த ஹுவான் பாப்லோ அல்பெரின், அவர்களில் மாணவர்களே பெரும்பகுதி என்றும், பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களும் கணிசமானோர் என்றும் கண்டார். மேற்கோள் கணக்கில் இவர்கள் யாருமே தென்படமாட்டார்கள். போர்த்துகீசியம் ஆட்சிமொழியாக உள்ள அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் இருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் இதே கதவு திறந்திருக்கிறது.

சியேலோ இரு பக்கத்தையும் விட்டுவிட மனமின்றி நடுவழி ஒன்றைத் தேடியது. ஒரே கட்டுரையை இரண்டு மூன்று மொழிகளில் வெளியிட அனுமதித்தது. 2014-இல் திருத்திய நெறிகளில், துறைக்குத் துறை வேறுபடும் ஆங்கில விழுக்காட்டை இதழ்களுக்கு வகுத்தது: உயிரியலுக்குக் கூடுதல், மானுடவியல் துறைகளுக்குக் குறைவு. மொழிபெயர்ப்புச் செலவு சிறிய சங்கங்களின் தலையில் விழுந்ததால் இந்நெறி பலருக்குப் பாரமாயிற்று. என்றாலும் கொள்கை சரியானது என்றே கருதுகிறேன். மண்ணின் வளத்தையோ ஊர் நோயையோ பற்றிய ஆய்வு முதலில் அந்த மண்ணுக்குப் பயன்பட வேண்டும். பிறகு உலகுக்கும் போகட்டும்.

6. அளவுகோல் யாருடையது?

2015 ஜூலையில் அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல், சியேலோவும் ரெடாலிக்கும் பதிப்புலகின் சேரிகளோ என்று கேட்டு எழுதினார். அவற்றின் கட்டுரைகள் வட அமெரிக்காவில் கண்ணில் படுவதில்லை என்பதும், வணிகத் தளங்களே அறிவியலின் நல்ல குடியிருப்புகள் என்பதும் அவர் வாதம். பிரேசிலின் பொதுச் சுகாதார இதழ் ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கண்டித்தனர். அவர்கள் சினம் நியாயமானது. வட அமெரிக்க நூலகத்தின் தேடுபெட்டியில் வராததால் ஒரு கண்டத்தின் அறிவு இல்லாததாகிவிடாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சியேலோவின் மேற்கோள் அட்டவணை, ‘வெப் ஆஃப் சயன்ஸ்’ என்ற பெரும் வணிகத் தரவுத்தளத்துக்குள் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டிருந்தது. வெளியில் வைக்கப்பட்டவர்கள் உள்ளே வந்தார்கள். எனினும் உள்ளே, வெளியே என்று பிரிக்கும் கோட்டை இன்னும் வேறொருவரே போட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையான காயம் உள்நாட்டிலிருந்தே வந்தது. பிரேசிலின் முதுநிலைப் படிப்புகளை மதிப்பிடும் காப்பெஸ் என்ற அரசு நிறுவனம், குவாலிஸ் என்ற பட்டியலில் இதழ்களைத் தரம் பிரித்தது. பல துறைகளில் அத்தரவரிசை, இதழின் மேற்கோள் விகிதத்தைக் காட்டும் தாக்கக் காரணியைச் சார்ந்திருந்ததால் வெளிநாட்டு இதழ்கள் மேலே நின்றன. உள்நாட்டு இதழ்கள் கீழே தள்ளப்பட்டன. ஒரு மாநிலத்தின் வரிப்பணம் சியேலோவை வளர்க்க, நடுவண் அரசின் மதிப்பெண் முறை அதன் சிறந்த கட்டுரைகளை வெளியே துரத்தியது. விளைவு 2013-இல் வெட்டவெளிச்சமானது. ஒருவருக்கொருவர் மேற்கோள் காட்டித் தாக்கக் காரணியை உயர்த்திக்கொண்டதற்காக 4 பிரேசில் இதழ்கள் அந்த ஆண்டின் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டன. செய்தது தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் மாணவர்களும் நிதியும் குவாலிஸ் தரத்தைப் பொறுத்தே கிடைத்த நிலையில் அந்த ஆசிரியர்கள் எந்த அழுத்தத்தில் இருந்தார்கள் என்பதை மறந்து தீர்ப்புச் சொல்வது முழுமையாகாது. இதழைப் பார்த்து மதிப்பிடுவதை விட்டு, கட்டுரையைப் பார்த்து மதிப்பிடும் முறைக்கு 2025 முதல் மாறுவதாகக் காப்பெஸ் அறிவித்திருக்கிறது. கால் நூற்றாண்டு தாமதம், ஆயினும் வரவேற்கத்தக்கது.

7. கட்டணம்: சுவர் இடம் மாறியது

சியேலோ தன் 20-ஆம் ஆண்டைச் சாவோ பாவுலோவில் கொண்டாடிய 2018 செப்டம்பரில், ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் பிளான் எஸ் என்ற திட்டத்தை வெளியிட்டன. தங்கள் பணத்தில் நடந்த ஆய்வு உடனே திறந்த அணுக்கத்தில் வர வேண்டும் என்பது அதன் விதி. நோக்கம் நல்லது. வணிகப் பதிப்பகங்களோ அதைக் கட்டுரைக் கட்டணமாக மாற்றிக்கொண்டன: படிப்பவர் கட்டியதை இனி எழுதுபவர் கட்டுவார். ‘நேச்சர்’ இதழ் 2020 நவம்பரில் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. தென் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு பேராசிரியரின் பல மாதச் சம்பளம் இது. முன்பு அவர் படிக்க முடியாமல் வெளியே நின்றார். இப்போது படிக்கலாம், எழுத முடியாது. அறிவைப் பெறுபவராக மட்டும் ஒரு நாட்டை வைத்திருக்கும் திறந்த அணுக்கம், அதன் செல்வாக்கை முன்னைவிடக் குறைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் லத்தீன் அமெரிக்க முறை உலக வாதமாயிற்று. எழுதுபவரும் படிப்பவரும் கட்டணம் கட்டாத முறையை வைரத் திறந்த அணுக்கம் என்கிறார்கள். 2021 மார்ச்சில் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, இவ்வகை இதழ்கள் உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. அவற்றில் சுமார் நான்கில் ஒரு பங்கு லத்தீன் அமெரிக்காவினுடையவை. அதே ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற திறந்த அறிவியல் பரிந்துரை, வணிகம் சாராத வெளியீட்டையும் பல மொழிகளில் வெளியிடுவதையும் ஆதரித்தது. 2022-இல் பிளான் எஸ் கூட்டமைப்பே வைர முறைக்கான செயல்திட்டத்தில் இணைந்தது. 2023 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கவுன்சில், ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்காத வெளியீட்டை வலியுறுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் வைர முறைக்கான முதல் உலக மாநாடு நடந்த இடம் ரெடாலிக்கின் ஊரான தொலூகா. வடக்கு வகுத்ததைத் தெற்கு பின்பற்றும் என்ற பழைய வரிசை இங்கே மாறியிருக்கிறது. ஒரு முறையின் செல்வாக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

பிரேசிலுக்குள் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. செலவு ஏறியதால் சியேலோ இதழ்கள் சிலவும் கட்டுரைக் கட்டணம் வாங்கத் தொடங்கின. காப்பெஸ் அண்மையில் பெரும் பதிப்பகங்களோடு படிப்பதற்கும் வெளியிடுவதற்கும் சேர்த்துப் பணம் தரும் ஒப்பந்தங்களில் இறங்கியிருக்கிறது. அந்தப் பணம் வளர வளர, சொந்த இதழ்களுக்கு எழுத வரும் கை குறையும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

8. இந்தியாவுக்கான கேள்வி

பிரேசிலின் கதை நமக்கு அந்நியம் அன்று. 1928 மார்ச் 16 அன்று பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தில் சி. வி. ராமன் தன் புதிய கதிர்வீச்சைப் பற்றி உரையாற்றினார். நேச்சருக்குச் சிறு குறிப்புகள் அனுப்பியிருந்தாலும், முழுக் கட்டுரையை அவர் கல்கத்தாவின் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழிலேயே வெளியிட்டு, அதன் படிகளை உலகெங்கும் உள்ள இயற்பியலாளர்களுக்கு அனுப்பினார். சொந்த இதழ், கட்டணமில்லாப் பரவல் என்ற இரண்டும் அங்கே இருந்தன. இரண்டு ஆண்டுகளில் நோபல் பரிசு வந்தது.

பின்னாளிலும் வாய்ப்புகள் வந்தன. மும்பையின் மெட்நோ, மருத்துவச் சங்கங்களின் இதழ்களை எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் கட்டணம் வாங்காமல் இணையத்தில் வெளியிட்டு, சியேலோவுக்கு இணையாகப் பேசப்பட்டது. அது தனியார் நிறுவனம். 2011-இல் வோல்டர்ஸ் க்ளூவர் என்ற பன்னாட்டுப் பதிப்பகம் அதை வாங்கிக்கொண்டது. ஃபாபெஸ்ப் போன்றதொரு பொது நிறுவனம் பின்னால் நின்றிருந்தால் அந்தக் கட்டமைப்பு நாட்டிடமே இருந்திருக்கும். சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004-இல் திறந்த அணுக்கப் பயிலரங்குகள் நடந்தன. தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம் பல்லாண்டு இதற்காகவே எழுதியும் பேசியும் வந்தார். அவர் சொன்னதைக் கொள்கை வகுத்தோர் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கல்லூரிகளில் பதவி உயர்வுக் குழு இன்றும் முதலில் கேட்பது, கட்டுரை ஸ்கோபஸ் என்ற வணிக மேற்கோள் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள இதழில் வந்ததா என்பதையே. குவாலிஸ் செய்த அதே காயம் இது.

2024 நவம்பரில் நடுவண் அரசு ஏற்ற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்குகிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். தேனியிலோ திருவாரூரிலோ உள்ள அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரும் பேறு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இது படிக்கும் உரிமைக்கான வாடகை. 2027 முடிந்ததும் மீண்டும் பேரம் தொடங்கும். அப்போது நம் கையில் சொந்தக் கட்டமைப்பு எதுவும் இல்லையென்றால் கேட்ட விலையைத் தர வேண்டியிருக்கும்.

அந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு 60 கோடி. அதை ஆண்டுக்கு 20 கோடியாகப் பிரித்து, அறிவியல் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் இதழ்களுக்கு ஒரு பொதுத் தளம், கட்டுரைகளைக் குறியிடவும் மொழிபெயர்க்கவும் சம்பளம் பெறும் ஆட்கள், தொகுப்புக்குள்ளேயே மேற்கோளை எண்ணும் அட்டவணை ஆகியவற்றை அமைக்கலாம். தமிழ், வங்கம், மராத்தி இதழ்களுக்கும் அதே தளத்தில் அதே நெறிகளோடு இடம் தர வேண்டும். வாசல் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் நேபாளத்துக்கும் முதல் நாளிலிருந்தே திறந்திருக்க வேண்டும். தத்தம் தொகுப்பை அவரவரே ஆளட்டும். அந்நாடுகளின் இதழ்த் தளங்களை அமைத்துக் கொடுத்தது இங்கிலாந்தின் தொண்டு நிறுவனம் ஒன்று. அண்டை நாடான நாம் அதைச் செய்திருக்க முடியும். இந்த ஏற்பாட்டை 2027-க்குள் தொடங்கிவிட்டால், அடுத்த பேரத்தில் பதிப்பகங்களின் எதிரே அமரும் அதிகாரிகளிடம் வேறொரு வழி கையிருப்பில் இருக்கும்.